கொடிக்கயிற்றுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே

கேள்வி, 12.9.2024

காட்பாடியில் சொந்த வீடு. பின்னால் ஒரு சென்ட் அளவு தோட்டம்: முருங்கை, செம்பருத்தி, நாலு கத்திரிச்செடி. போன வாரம் பெய்த மழைக்கு அப்புறம் செம்பருத்திக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் பெரிய எட்டுக்கால் பூச்சி ஒன்று வலை கட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை அளவு இருக்கும். மூன்று வயதுப் பையன் அங்கேதான் விளையாடுகிறான். மருந்து அடித்துவிடலாம் என்று இருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்கிறவர் யாராவது உண்டா?

12.9.2024, இரவு

உண்டு. ஆறு வருஷமாக. மருந்தை எடுத்து உள்ளே வையுங்கள்.

எனக்கு வீடு பாகாயம் தாண்டி, மலையடிவாரத்தில். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறியவன். ஓய்வு பெற்றபின் கறிவேப்பிலை, எலுமிச்சை, நாலு வாழை, கொஞ்சம் இலவம்பாடி முள்ளுக்கத்திரி என்று பொழுது போகிறது. புரட்டாசி பிறக்கிற சமயத்தில் கறிவேப்பிலை மரத்திலிருந்து துணி காயப்போடும் கொடிக்கயிறு வரை ஒரு வலை வந்துவிடும். கறுப்பு உடம்பில் மஞ்சள் கோடு, கால் முட்டிகளிலும் மஞ்சள். கால்களை விரித்தால் என் கையை மூடும். காலை வெயில் பட்டால் நூல் பொன் நிறத்தில் மின்னும். உடம்பு மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர். கால்களோடு அளந்தால் 20 சென்டிமீட்டர் வரை போகும் இனம் இது. நெஃபிலா பிலிப்பெஸ் என்று விஞ்ஞானப் பெயர். நான் "மேடம்" என்று கூப்பிடுகிறேன்.

கொசுவைப் பிடிக்கும். தினமும் வலையைப் பிரித்துப் புதிதாகக் கட்டும். வலை ஓரத்தில் அதன் குட்டிகள் நாலைந்து ஒண்டிக்கொண்டிருக்கும். அதன் மூத்திரம் மட்டும் மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொப்புளம் போட்டுவிடும். மற்றபடி தொந்தரவு இல்லை.

13.9.2024

விஷம் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன், பிள்ளை இருக்கிற வீடு. விஷம் உண்டு, பூச்சியை மடக்கும் அளவுக்கு. மனிதனைத் தேடி வந்து கடிக்காது. கையில் வைத்து நசுக்கினால் கடிக்கும். இரண்டு வருஷம் முன்பு வலை இருப்பதைப் பார்க்காமல் கத்திரிக்காய் பறிக்கக் கை விட்டு, முழங்கைக்கும் சட்டைக்கும் நடுவில் மேடம் மாட்டிக்கொண்டார். சுருக்கென்றது, சிவந்தது, ராத்திரி வரை கடுத்தது. காலையில் ஒன்றுமில்லை. முள்ளுக்கத்திரியின் முள் இதைவிட மோசம்.

14.9.2024

வலை நடுவில் வெள்ளையாகப் பெருக்கல் குறி மாதிரி வளைந்து வளைந்து தையல் போட்டிருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அது மேடம் இல்லை. ஆர்ஜியோப் என்னும் வேறு இனம். நம் பக்கத்துத் தோட்டங்களில் அதுதான் அதிகம். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அதுவும் பெருக்கல் குறி போலத்தான், தலைகீழாக உட்கார்ந்திருக்கும். உடம்பு ஒரு சென்டிமீட்டர் தேறினால் பெரிது. உள்ளங்கை அளவு என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை, பயத்தின் டேப் அப்படித்தான் அளக்கும்.

அந்தத் தையல் எதற்கு என்று கேட்டீர்கள். பூச்சியை இழுக்க என்கிறார்கள், பறவைக்கு "இங்கே வலை இருக்கிறது, மோதாதே" என்று காட்ட என்கிறார்கள், ஒளிந்துகொள்ள என்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பையனிடம் ஒரு புல்லைக் கொடுத்து வலையை லேசாகத் தொடச் சொல்லுங்கள். மொத்த வலையும் ஊஞ்சல் ஆடும். கண் அவ்வளவு தெரியாது, எல்லாமே நூலின் அதிர்வுதான். லைன் டெஸ்ட் பண்ணுகிற மாதிரி ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்க்கும்.

22.9.2024

கொசு விஷயத்தில் கதை அளந்துவிட்டேன். ஒரு வாரம் தினமும் காலையிலும் சாயங்காலமும் வலையில் என்ன தொங்குகிறது என்று பார்த்தேன். ஈ, வெட்டுக்கிளி, இரண்டு தும்பி, நாலு தேனீ, பேர் தெரியாத வண்டு ஒன்று. கொசு என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் என் கையில் உட்கார்ந்திருந்தது. ஆறு வருஷமாகத் திண்ணையில் கொசுவத்தி கொளுத்திக்கொண்டே "சிலந்தி கொசுவைப் பிடிக்கிறது" என்று எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இன்னும் சொல்லப்போனால் தும்பிதான் கொசுவைத் தின்னும், அந்தத் தும்பியை மேடம் தின்கிறார். கணக்குப் பார்த்தால் கொசுவுக்கு லாபமோ என்னவோ.

அதைவிடப் பெரிய சிக்கல் நேற்று. கறிவேப்பிலையில் கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். பறவை எச்சம் மாதிரி இருந்து அப்புறம் பச்சையாகும் புழு. என் மனைவி அதற்காகவே ஒரு கிளையைப் பறிக்காமல் விட்டுவைப்பாள். நேற்று காலை கூட்டிலிருந்து வந்த பூச்சி இறக்கை காய்ந்ததும் எழும்பி நேராக வலையில் போய் விழுந்தது. "ஏங்க, நான் ரசத்துக்குக்கூடப் பறிக்காம வளர்த்தது உங்க மேடம் வயித்துக்கா?" என்றாள். பதில் இல்லை. பிரித்து விடலாமா என்று கை போனது, அதற்குள் மேடம் நூலைச் சுற்றிவிட்டார். மதியம் ரசத்தில் கறிவேப்பிலை தாராளமாகக் கிடந்தது.

5.10.2024

அம்மாவுக்குக் கழுத்தில் கொப்புளம். கோடு போட்ட மாதிரி சிவந்து, நடுவில் நீர் கோத்திருக்கிறது. "த பாரு, உன் பூச்சி ஒன்னுக்குப் போயிருக்குதுடா" என்கிறாள். எண்பத்துமூன்று வயது. அக்கி என்று முடிவு செய்து, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டு வந்தாயிற்று. இன்றைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. தளிகை போட வேண்டிய நேரத்தில் கழுத்தில் சிங்கத்தோடு உட்கார்ந்து என்னை முறைக்கிறாள். வலையைக் கலைத்துவிடலாமா என்று முதல்தடவையாக யோசிக்கிறேன்.

9.10.2024

கலைக்கவில்லை. நல்லவேளை.

எரிச்சல் தாங்காமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பார்த்த உடனே, "ராத்திரி ட்யூப்லைட்டுக்குக் கீழேதானே பாட்டி படுக்கிறாங்க?" என்றார். குற்றவாளி சிலந்தியே இல்லை. எறும்பு மாதிரி நீளமாக, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு சின்ன வண்டு. பெடேரஸ் என்று பேர். மழை விட்டதும் விளக்கைத் தேடி வரும். கடிக்காது, கொட்டாது. மேலே ஊர்கிறதே என்று தூக்கத்தில் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்புக்குள் இருக்கும் நீர் தோலை வேக வைத்துவிடும். எந்தப் பக்கம் தேய்த்தோமோ அந்தப் பக்கம் கோடு. முழங்கை மடிப்பில் பட்டால் மேலும் கீழும் ஜோடியாகக் கொப்புளம் வரும், கையை மடக்கினால் ஒன்று மற்றதில் ஒட்டுவதால். அதுவும் உடனே எரியாது, ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் காலையில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் எட்டுக்கால் பூச்சி மேல் பழி விழுகிறது.

ஊர்ந்தால் ஊதி விடுங்கள், நசுக்காதீர்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 12-ம் தேதி நான் எழுதிய மூத்திரக் கதையை அழித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் எனக்கே இரண்டு தடவை இப்படி வந்து, வீட்டில் இருந்த அத்தனை சிலந்தியையும் துடைப்பத்தால் அடித்துக் கொன்றிருக்கிறோம்.

அம்மா நம்பவில்லை. சிங்கம் எழுதியதால்தான் ஆறுகிறது என்கிறாள்.

11.10.2024

ஆயுத பூஜை. ஒட்டடை அடிக்கிற நாள். வேலூரில் ஒட்டடை, மனைவி திருநெல்வேலி, அவளுக்கு நூலாம்படை. கல்யாணமான புதிதில் "நூலாம்படை அடிக்கக் கம்பு எங்க?" என்று கேட்டு, என் அப்பா ஏதோ படை திரட்டுகிறாள் என்று பயந்துபோனார்.

வீட்டு மூலையில் படிகிற ஒட்டடைக்கும் தோட்டத்துக்காரிக்கும் சம்பந்தமில்லை. அது குச்சிக் காலும் சின்ன உடம்புமாக நடுங்கும் வேறு பூச்சியின் வேலை. தூசி படிந்து கறுத்துப்போனது. அதை அடிக்க நான் தடை சொல்லவில்லை. ஆனால் அம்மா ஒட்டடைக்கோலோடு பின்வாசலைத் தாண்டினாள். நான் குறுக்கே நின்று, "போன வருஷம் காளஹஸ்தி போய் ராகு கேது பூஜை பண்ணினியே, அந்த ஊர்ப் பேரிலேயே முதலில் இருக்கிற ஸ்ரீ யாரு?" என்று கேட்டேன். ஸ்ரீ என்றால் சிலந்தி, காளம் பாம்பு, ஹஸ்தி யானை. மூன்றுக்கும் மோட்சம் கொடுத்த இடம். அம்மா கோலைச் சாத்திவிட்டு, "அது சாமிக்கு வலை கட்டிச்சு. இது என் புடவைக்குக் கட்டுது" என்றாள். வாதத்தில் நான் தோற்றேன், வலை பிழைத்தது.

திருவானைக்காவிலும் சிலந்திக் கதை உண்டு. லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் போட, யானை அதை அசுத்தம் என்று பிய்த்துப்போட, சிலந்தி தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் செத்தன. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினானாம். லைன் அறுந்த கோபம் அடுத்த ஜென்மம் வரை போயிருக்கிறது. எனக்குப் புரிகிறது.

20.10.2024

குட்டி என்று எழுதியது குட்டி இல்லை. கணவன்மார். ஆண் 5, 6 மில்லிமீட்டர்தான், அரிசி மணி அளவு. பழுப்பாக, மேடத்தின் முதுகுப் பக்கமே ஒதுங்கி நிற்கும். மூன்று பேர் இருக்கிறார்கள்.

அதே நாள், சாயங்காலம்

வெள்ளிக் குண்டு மாதிரி பளபளவென்று இன்னும் நாலு இருக்கிறதே, அதுவும் கணவனா என்று பேத்தி கேட்டாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவை வேறு இனம், ஆர்ஜிரோடிஸ். சொந்தமாக வலை கட்டாமல் அடுத்தவர் வலையில் குடியேறி, மாட்டுகிற சின்னப் பூச்சிகளைத் திருடித் தின்பவை. "ஒட்டுக்குடித்தனம்" என்று பேத்திக்குச் சொன்னேன். "வாடகை தராம?" என்றாள்.

27.10.2024

குடியாத்தம்காரர் ஒருவர் தினமும் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது முகத்தில் வலை சுற்றுகிறது, இரவு கலைத்தாலும் மறுநாள் மறுபடி கட்டிவிடுகிறது என்கிறார். அது மேடம் இனம் அல்ல. பழுப்பு நிறத்தில், உருண்டையாக, ராத்திரி மட்டும் வருவது, நியோஸ்கோனா வகை. பொழுது சாயக் கட்டி, விடியலில் பிரித்து வாயில் போட்டுக்கொள்ளும். பழைய நூல் வீணாகாமல் புது நூலுக்கு உதவும். தினமும் புதிதாகக் கட்டும் என்று நான் எழுதியது இதற்குத்தான் பொருந்தும். மேடம் வலையை நிரந்தரமாக வைத்துக்கொண்டு கிழிந்த பக்கத்தை மட்டும் மாற்றுவார். சர்வீஸ் லைன் மாதிரி.

அவருக்கு ஒரே வழி, விடிந்தபின் பால் எடுப்பது. இல்லாவிட்டால் ஒரு குச்சியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடப்பது. பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பகல் வலையை நகர்த்துவதற்கு நான் கண்டுபிடித்த முறையைச் சொல்கிறேன், நாலு வருஷத் தோல்விக்கு அப்புறம் வந்தது. முதலில் வலையின் நடுவில் கை வைக்கக் கூடாது. அங்கே கலைத்தால் அதே இடத்தில் மறுபடி கட்டும், ஏனென்றால் ஸ்டே ஒயர், அதாவது இழுத்துக் கட்டித் தாங்கும் கம்பி, எல்லாம் அப்படியே நிற்கிறது. கம்பம் ஏறியவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், நாலு வருஷம் ஆயிற்று. வலைக்கு மேலே தடியாக ஒரு நூல் குறுக்கே போகும், அதுதான் தாங்குகிறது. அதன் இரண்டு முனையும் எங்கே கட்டியிருக்கிறது என்று சாய்ந்த வெயிலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்ததும், உங்கள் பாதைப் பக்கம் இருக்கும் முனையை மட்டும் மூங்கில் கோலால் அறுத்துவிடுங்கள். வலை மடங்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், மேடம் இலைக்குள் போய்விடுவார். அந்த இடத்தில் இரண்டு நாள் எதுவும் கட்ட இடமில்லாமல் செய்ய வேண்டும். நான் கொடிக்கயிற்றையே கழற்றி எலுமிச்சைப் பக்கம் கட்டினேன். மூன்றாம் நாள் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நடுவில் புது வலை. துணியும் காய்கிறது, அம்மாவின் புடவையும் பிழைத்தது.

வலைதான் நகர வேண்டும் என்று நாலு வருஷம் மல்லுக்கட்டினேன். கயிறு நகர்ந்தால் போதும் என்பது யார் மண்டைக்கும் எட்டவில்லை, மனைவியைத் தவிர. அவள் முதல் வருஷமே சொன்னாளாம். எனக்கு நினைவில்லை.

1.11.2024

தீபாவளிக்குப் பேத்தி கொளுத்திய புஸ்வாணத்தின் பொறி வலையில் நாலு ஓட்டை போட்டுவிட்டது. காலையில் இரண்டு அடைபட்டிருந்தது.

3.12.2024

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தாலும் நமக்கும் இரண்டு நாள் ஊற்றியது. கரண்ட் இல்லை. வாழை ஒன்று சாய்ந்தது, அதோடு வலையும். மேடத்தைக் காணோம் என்று டார்ச் அடித்துத் தேடினேன், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. இந்த வயதில் எட்டுக்கால் பூச்சியைத் தேடுகிறவனைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் "ஏதாவது தொலைஞ்சிதா சார்?" என்றார். சாவி என்று சொல்லிவிட்டேன். அவரும் வந்து பத்து நிமிஷம் சாவி தேடினார்.

மேடம் கறிவேப்பிலைத் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் குறைவு.

8.12.2024

இன்று பார்த்ததை எப்படிச் சொல்வது. மேடம் தரையில் இருந்தார். ஆறு வருஷத்தில் ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. வாழையடியில் ஈர மண்ணில் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தார், வயிறு பெருத்து. ஏழு காலால். நான் மோட்டார் போடப் போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பள்ளம் மூடி, மேலே சருகு. இந்த இனம் முட்டையை மண்ணுக்குள் வைத்து மூடிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மரத்தில் பஞ்சுப் பொதி தேடி ஐந்து வருஷம் வீணாக மேலேயே பார்த்திருக்கிறேன்.

வருஷா வருஷம் மார்கழியில் வாழையடியைக் கொத்தி எரு போடுகிறவன் நான். "விடுங்கள், விடுங்கள்" என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே மண்வெட்டியால் எத்தனை முட்டையைப் புரட்டினேனோ. மூன்று செங்கல் வைத்து அடையாளம் பண்ணியிருக்கிறேன்.

17.12.2024

மேடம் இல்லை. நாலு நாளாக வலை காலியாக நிற்கிறது, வெள்ளிக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள்.

மேல் நூலை ஒரு வேப்பங்குச்சியில் சுற்றி எடுத்தேன். நல்ல மஞ்சள், இழுத்தால் விறைக்கிறது. மடகாஸ்கரில் இதன் சொந்தக்கார இனத்திலிருந்து நூல் எடுத்து ஒரு துணியே நெய்திருக்கிறார்கள். 2009-ல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் சிலந்திகள், நாலு வருஷ வேலை, பிடிப்பதற்கு மட்டும் எழுபது ஆள். எங்கே பிடித்தார்கள் தெரியுமா, தொலைபேசிக் கம்பங்களில். அங்கே லைன்மேனாக இருந்திருந்தால் எனக்கு உபரி வருமானம். ஆரணியில் பட்டு நெய்கிற மைத்துனனிடம் சொன்னேன். "பூச்சி பிடிக்கிற கூலியே கட்டாது மாமா, அதுங்க ஒன்னை ஒன்னு தின்னுட்டா அட்வான்ஸும் போச்சு" என்றான்.

குச்சியை அம்மாவிடம் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எங்கம்மா கால்ல இப்படித்தான் சுத்தி எடுத்தாங்க" என்றாள். நரம்புச் சிலந்தி. குளத்துத் தண்ணீரில் வந்து காலில் வெளிப்படும் புழு. இழுத்தால் அறுந்துவிடும் என்று குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். பாட்டி மூன்று வாரம் குச்சியைக் காலோடு கட்டிக்கொண்டு கிடந்தாளாம். 2000-ல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. நோய் போனாலும் பேர் போகவில்லை. கட்டி வந்தாலும் சிலந்தி, புழு வந்தாலும் சிலந்தி. அம்மா ஆறு வருஷமாக மேடத்தின் மேல் காட்டிய கோபத்தில் பாதி அந்தக் காலுக்கானது என்று இப்போது தோன்றுகிறது. கேட்டேன். "அதெல்லாம் இல்ல, புடவைதான்" என்றாள்.

குச்சியைக் கண்ணில் படாமல் பரணில் வைத்துவிட்டேன்.

13.1.2025

போகி. பழைய பாய் எரிந்துகொண்டிருக்கிறது. செங்கல் மூன்றும் அங்கேயேதான். எருவை இந்த வருஷம் வாழைக்கு ஒரு பக்கமாக மட்டும் போட்டேன், வாழை கோணலாக வளர்ந்தால் வளரட்டும்.

காட்பாடிக்காரருக்கு: செம்பருத்தி வலை போய் இப்போது கிணற்றடியில் ராட்டினத்துக்கும் தூணுக்கும் நடுவில் ஒன்று வந்திருக்கிறது, பையன் அதற்குப் பேர் வைத்துவிட்டான், தண்ணீர் இறைக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் இருக்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராட்டினத்தைத் தை மாதம் முடிகிற வரை விட்டுவையுங்கள். என்ன பேர் என்று சொல்லவில்லையே?